நீலகிரி எல்லைச் சாவடிகளும் இ-பாஸும்: சேவை எப்படி, செலவு யாருடையது?

மலைக்கு வருவோர் தங்கும் விடுதிகளையும் சாப்பிடும் ஓட்டல்களையும் பற்றி நட்சத்திரம் போட்டு எழுதுவோருக்குக் குறைவில்லை. அந்த விடுதிக்குப் போய்ச் சேருமுன் கட்டாயமாகக் கடந்தாக வேண்டிய ஓர் அரசு சேவை, அதாவது இ-பாஸ் இணையதளமும் அதைச் சரிபார்க்கும் எல்லைச் சோதனைச் சாவடியும், அதே அளவுகோலால் அளக்கப்படுவதில்லை. நான் கூடலூரில் குடியிருப்பவன். கர்நாடகத்துக்குக் கக்கனல்லா, மலப்புறத்துக்கு நாடுகாணி, வயநாட்டுக்குப் பாட்டவயல், தாளூர், சோலாடி என்று எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் ஒரு செக்போஸ்ட் வந்து நிற்கும் ஊர் இது. மருத்துவத்துக்குச் சுல்தான் பத்தேரி, காய்கறிக்குக் குண்டல்பேட்டை, உறவினர் வீட்டு விசேஷத்துக்கு நிலம்பூர் என்று போய்வரும் எங்களுக்கு இந்தச் சாவடிகளின் குணமும் குறையும் நன்றாகத் தெரியும். இந்த மதிப்பீட்டில் சேவையின் தரத்தைப் பற்றி எவ்வளவு பேசுகிறேனோ, அதைவிடக் கூடுதலாக அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். முதலாவதில் உள்ள குறைகளில் பெரும்பாலானவை இரண்டாவதிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் இணையதளம். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் இறுதியில் பிறப்பித்த உத்தரவின்படி, அந்த ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. கைபேசி எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியை இட்டு, வாகன எண், வாகன வகை, வருவோர் எண்ணிக்கை, வரும் நாள், திரும்பும் நாள், தங்குமிடம் ஆகியவற்றை நிரப்பினால், கியூஆர் குறியீட்டுடன் கூடிய பாஸ் கைபேசியில் வந்துவிடுகிறது. கட்டணம் எதுவும் இல்லை. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 கொண்ட என்னுடைய வண்டிக்குப் பாஸ் தேவையில்லை என்பதால், கோழிக்கோட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு எடுத்துக் கொடுத்துத்தான் இதன் நடைமுறையை அறிந்தேன். எழுத்தறிவு குறைந்த ஒருவருக்கும் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுத்தால் நிரப்பக்கூடிய படிவம் இது. அரசு இணையதளங்களில் இவ்வளவு குறைவாகக் கேள்வி கேட்பவை சிலவே.

முதல் ஆண்டில் கேட்டவர்க்கெல்லாம் பாஸ் கிடைத்தது; எத்தனை வண்டிகள் வருகின்றன என்று கணக்கெடுப்பதே அப்போதைய நோக்கம். 2025 மார்ச்சில் நீதிமன்றம் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக்காலத்துக்கு அந்த வரம்பு நிர்ணயிக்கப்பட்டது. அரசுப் பேருந்துகளுக்கும் விளைபொருள் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. வரம்பு வந்தபிறகுதான் இந்தப் பாஸுக்கு ஒரு பொருள் உண்டாயிற்று என்பது என் கருத்து. அதற்குமுன் அது வெறும் வருகைப் பதிவேடு.

இனி சாவடி. இணையதளத்தில் கிடைக்கும் நிம்மதி இங்கே வந்ததும் பாதியாகக் குறைந்துவிடுகிறது. சாவடியின் பெயர் வேண்டாம். பள்ளி விடுமுறைக் காலத்து ஞாயிறு காலை ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பணியில் இருந்த இளைஞர் தம்முடைய சொந்தக் கைபேசியை வைத்துக்கொண்டு, வெயிலில் ஒளி மங்கிய பயணிகளின் திரைகளில் கியூஆர் குறியீட்டைப் படிக்க முயன்றார். படியாதபோது வண்டி எண்ணைக் கையால் தட்டிப் பார்த்தார். நெட்வொர்க் போனதும் "சேட்டா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்று ஒரு கேரள வண்டியை ஒதுக்கினார். அது ஒதுங்குவதற்கு ஓரமே இல்லை. ஒருபுறம் பள்ளம், மறுபுறம் பிளாஸ்டிக் தடைக்காகப் பறிமுதல் செய்த தண்ணீர்ப் பாட்டில்களை அள்ளிக் கட்டிய மூட்டைகள். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கியதும் சில வண்டிகளைப் பாராமலே அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிழற்கூரையும் தனிக் கருவியும் இரண்டாவது வரிசையும் இல்லாத இடத்தில் யார் நின்றாலும் அதைத்தான் செய்திருப்பார்.

சாவடியில் நிற்பவர்கள் யார் யார் என்று ஒருமுறை கூர்ந்து பாருங்கள். காவல் துறையினர், வனத் துறையினர், வருவாய்த் துறையினர், பிளாஸ்டிக் சோதனைக்கு உள்ளாட்சிப் பணியாளர்கள், நோய்க் காலங்களில் சுகாதாரத் துறையினரும் கால்நடைப் பராமரிப்புத் துறையினரும். இவர்கள் அனைவரும் மாநில அரசிடமோ உள்ளாட்சியிடமோ சம்பளம் வாங்குபவர்கள். மத்திய அரசின் ஊழியர் ஒருவரும் அங்கே இல்லை. இத்தனைக்கும் மத்திய அரசுக்கு நீலகிரி அறியாத இடம் அன்று: வெலிங்டனில் பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும் உள்ளன, அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ளது. மாவட்டத்தின் நடுவில் நாட்டின் பாதுகாப்புக்கான பெரிய நிறுவனங்கள், அதன் ஓரத்தில் நாலைந்து பேரும் ஒரு தடுப்புக் கம்பும்!

இது தற்செயலாக அமைந்ததன்று. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை இப்படித்தான் வேலையைப் பிரித்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்பும் ஆயுதப் படைகளும் ஒன்றியப் பட்டியலில். பொது ஒழுங்கும் காவலும் மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்கள். நாட்டின் எல்லை மத்திய அரசின் பொறுப்பு. மாநிலத்துக்கும் மாநிலத்துக்கும் இடையிலான எல்லைக்கோ தனிக் காவல் என்று ஒன்றும் சொல்லப்படவில்லை, ஏனெனில் குடிமக்கள் நாடெங்கும் தடையின்றிச் சென்றுவர 19ஆம் பிரிவும், வணிகம் தடையின்றி நடக்க 301ஆம் பிரிவும் உறுதி தருகின்றன. ஆகவே கக்கனல்லாவில் நடப்பது சட்டத்தின் பார்வையில் எல்லைக் காவல் ஆகாது. ஒரு மாநில அரசு தன் காவல், வனம், சுகாதார அதிகாரங்களை ஒரே இடத்தில் சேர்த்து நிறுத்தியிருக்கிறது, அவ்வளவே.

அப்படியானால் செலவும் மாநிலத்துடையதே என்று விட்டுவிடலாமா? 2017 ஜூலை 1 வரை இந்தக் கேள்விக்கு அவ்வளவு கூர்மை இருக்கவில்லை. அதுவரை எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் அரசுக்கு வருவாய் காக்கும் இடங்களாகவும் இருந்தன. ஜிஎஸ்டி வந்த நாளோடு அவை போயின. வரி போன பிறகும் எல்லையில் பார்க்க வேண்டிய வேலை குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆனால் அந்த இடம் ஈட்டித் தந்தது போய், செலவு மட்டும் வைக்கும் இடமாகிவிட்டது. பசுமை வரி என்று வண்டிகளிடம் வாங்கும் சிறு தொகையைக் கொண்டு குப்பையை அள்ளலாம். சாவடி கட்ட முடியாது.

நோய்த் தடுப்பை எடுத்துக்கொண்டால் பொறுப்புக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளி நன்றாகத் தெரியும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மனிதர், விலங்கு, பயிர் ஆகியவற்றின் தொற்றுநோய் பரவாமல் தடுப்பது பொதுப் பட்டியலின் 29ஆவது இனம்; மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பார்க்க வேண்டியது. மாநிலங்களுக்கு இடையிலான நோய்த்தடுப்புக் காப்போ (குவாரண்டைன்) ஒன்றியப் பட்டியலின் 81ஆவது இனத்தில் நேரடியாகவே மத்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நடப்பது என்ன? 2018இல் கோழிக்கோட்டிலும் 2024இல் மலப்புறத்திலும் நிபா தலைகாட்டியபோது, எங்கள் எல்லையில் காய்ச்சல் பார்க்கும் கருவியுடன் நின்றவர்கள் தமிழகச் சுகாதாரப் பணியாளர்கள்தாம். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்ற செய்தி வந்தாலோ கால்நடைத் துறையினர் வந்து நிற்பார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிந்த ஒருவர் முதுகில் தெளிப்பானைச் சுமந்துகொண்டு, கோழி ஏற்றும் வண்டிகளின் சக்கரங்களிலும் அடுக்கிய காலிக் கூண்டுகளிலும் கிருமிநாசினி அடிப்பார். வெளியூர்க்காரர் பலர், காலி வண்டிக்கு எதற்கு மருந்து என்று வியப்பதைக் கேட்டிருக்கிறேன். காரணம் உண்டு: தமிழகப் பண்ணைக் கோழிதான் கேரளச் சந்தைக்குப் போகிறது, திரும்பி வருவது காலிக் கூண்டு, நோய் வந்தால் அந்தக் கூண்டின் எச்சத்தோடும் இறகோடும்தான் வர வேண்டும். வேலை தெரிந்தவர் செய்கிற, மிகச் சரியான வேலை இது. இந்தப் பிரிவுக்கு நான் தயங்காமல் முழு மதிப்பெண் தருவேன். நாமக்கல், பல்லடம் பண்ணைகளையும் அவை ஈட்டும் வருவாயையும் காப்பது இந்தத் தெளிப்பான்தான். ஆனாலும் நோய்ச் செய்தி ஓய்ந்ததும் இவர்கள் கலைந்துவிடுகிறார்கள், ஏனென்றால் நிரந்தரமாக நிறுத்தி வைக்க யாருடைய கணக்கிலும் பணம் ஒதுக்கப்படவில்லை.

இரண்டாவது சான்று காட்டுக்குள் இருக்கிறது. 2016 நவம்பரில் நிலம்பூர் காட்டில் மாவோயிஸ்டுகள் இருவர் கேரளக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்டனர். நிலம்பூர்க் காடும் எங்கள் கூடலூர்க் காடும் ஒரே மலைத்தொடரின் தொடர்ச்சி. அந்தப் பக்கம் நெருக்கினால் இந்தப் பக்கம் வருவார்கள் என்பதால் தமிழகக் காவல்துறையும் எல்லையில் ஆயுதக் காவலைக் கூட்டியது. இவ்வகைப் பணிக்கு மாநிலங்கள் செய்யும் செலவின் ஒரு பகுதியை மத்திய உள்துறை திருப்பித் தரும் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது மாவட்டப் பட்டியலை வைத்து இயங்குகிறது. 2021இல் திருத்தப்பட்ட பட்டியலில் பத்து மாநிலங்களின் 70 மாவட்டங்கள் இருந்தன. கேரளத்தின் மலப்புறமும் வயநாடும் பாலக்காடும், அதாவது எங்களுக்கு அண்டையில் உள்ள மூன்றும், அதில் இடம்பெற்றன; தமிழகத்திலிருந்து ஒரு மாவட்டமும் இல்லை. அப்போது அங்கே செலவுக்கு மத்திய அரசின் கை இருந்தது, இங்கே சென்னையின் கை மட்டும். சம்பவம் நடந்த இடத்துக்குத்தானே பணம் என்று மத்திய அரசு சொல்லலாம். சம்பவம் நடக்காமல் காத்த இடத்துக்கு அந்தக் கணக்கில் வரிசையே இல்லை என்பதுதான் என் குறை.

இந்த இழுபறி நாட்டின் எல்லையிலேயே ஒரு காலத்தில் இருந்ததுதான். 1965 வரை பாகிஸ்தானுடனான எல்லையை அந்தந்த மாநிலங்களின் ஆயுதக் காவல் படைகளே காத்துவந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் கட்ச் பகுதியில் நடந்த தாக்குதலில் அந்த ஏற்பாட்டின் போதாமை வெளிப்பட்டது. டிசம்பர் 1 அன்று எல்லைப் பாதுகாப்புப் படை உருவானது. மத்திய அரசு கட்டளையை எடுத்துக்கொண்டபோது செலவையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. கடற்கரையில் கதை கொஞ்சம் மாறியது. இலங்கை நிலவரம் காரணமாகத் தமிழகம் 1994இலேயே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தைத் தானாக அமைத்துக்கொண்டது. மத்திய அரசின் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் 2005இல்தான் வந்தது. அதிலும் படகுக்கும் காவல் நிலையக் கட்டடத்துக்கும் மத்திய அரசு பணம் தந்தது, ஆள்பலத்தை மாநிலம் கொடுத்தது. படகு வாங்குவது ஒருமுறைச் செலவு, சம்பளமோ மாதந்தோறும் வருவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2021இல் பஞ்சாப், மேற்கு வங்கம், அசாம் ஆகியவற்றில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அதிகார எல்லையை 15 கிலோமீட்டரிலிருந்து 50 ஆக உயர்த்தியபோது பஞ்சாப் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே சிக்கல் நேர் எதிரானது: மத்திய அரசு கூடுதலாக உள்ளே வருகிறது என்பது குறை. எங்களுக்கு அது வரவே இல்லை என்பது குறை.

அமெரிக்காவில் இதே இழுபறி பெரிய தொகையில் நடந்திருக்கிறது. எல்லைக் காவல் அங்கேயும் கூட்டரசின் வேலை. டெக்ஸஸ் மாநிலமோ 2021 மார்ச்சில் மெக்சிகோ எல்லையில் தன் சொந்தக் காவலர்களையும் தேசியக் காவல் படையையும் நிறுத்தி, சில ஆண்டுகளில் 1,100 கோடி டாலருக்குமேல் செலவழித்துவிட்டு, அந்தப் பணத்தைக் கூட்டரசிடம் கேட்டது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டத்தில் இவ்வாறு செலவழித்த மாநிலங்களுக்காகச் சுமார் 1,350 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. டெக்ஸஸ் செய்தது சரியா என்பது வேறு கேள்வி. ஆற்றங்கரையில் கம்பிவேலி போட்டுக் கூட்டரசோடு உச்ச நீதிமன்றம் வரை மோதியதை நான் பாராட்ட மாட்டேன். ஆனால் கேட்ட மாநிலத்துக்கு வழி பிறந்தது. நம் மாநிலங்கள் கலவரத்துக்கோ பிற அவசரத்துக்கோ மத்தியப் படையை அழைத்தால், உள்துறை அவற்றுக்கு முறையாகப் பில் அனுப்புகிறது. மத்திய அரசின் பட்டியலில் உள்ள ஒரு வேலையை மாநிலம் செய்து கொடுத்தால், எதிர்த்திசையில் பில் போவதில்லை.

போக்குவரத்தை மறிப்பது என்று வந்தால் மட்டும் மத்திய அரசின் பங்கு நினைவுக்கு வருகிறது. 2020 மார்ச்சில் கொரோனா அச்சத்தில் கர்நாடகம் கேரளத்துக்குச் செல்லும் சாலைகளில் மண்ணைக் கொட்டி அடைத்தது. ஏப்ரல் 1 அன்று கேரள உயர் நீதிமன்றம், தேசிய நெடுஞ்சாலைகளின் அடைப்பை நீக்கும் பொறுப்பு மத்திய அரசுடையது என்று கூறி உத்தரவிட்டது. கக்கனல்லா வழியாகப் போவதும் தேசிய நெடுஞ்சாலைதான், எண் 181. அந்தச் சாலையில் பந்திப்பூர் காட்டுக்குள் 2009 முதல் இரவு ஒன்பது மணிக்குமேல் காலை ஆறு வரை போக்குவரத்துத் தடை உள்ளது. வனவிலங்குகளுக்காக அது தேவை என்றே நானும் கருதுகிறேன். சாலை மத்திய அரசுடையது, காடு இரண்டு மாநிலங்களின் புலிகள் காப்பகம், வரம்பு உயர் நீதிமன்றத்துடையது. கம்பைத் தூக்கி இறக்குபவர் மட்டும் மாவட்டத்தின் ஆள். 2011 கணக்கெடுப்பில் ஏழே கால் லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை கொண்ட ஒரு மாவட்டம், கோடைதோறும் தன் அலுவலர்களை மேசையிலிருந்து எடுத்துச் சாவடியில் நிறுத்துகிறது என்றால், அந்த நாட்களில் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் வருகிற உள்ளூர்க்காரர் காத்திருக்கிறார் என்று பொருள்.

பதினைந்தாம் நிதி ஆணையம் மாநிலங்களுக்கு வரியைப் பிரித்துக் கொடுக்கும் அளவுகோலில் காட்டுக்கும் சூழலுக்கும் பத்து சதவீத எடை கொடுத்தது. நல்ல முடிவு. ஆனால் அந்தப் பணம் மாநிலத்தின் பொதுக் கருவூலத்துக்குப் போகிறது. அதை ஈட்டித் தந்த மலை மாவட்டம் வரை இறங்கி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே குறையை முழுவதும் மத்திய அரசின் தலையில் போட நான் தயாரில்லை. சாவடிக்கு ஒரு கூரையும், பணியாளருக்கு ஒரு கழிப்பறையும், கியூஆர் படிக்கும் கருவியும் வாங்குவதற்கு அரசமைப்புச் சட்டத்தைப் புரட்ட வேண்டியதில்லை. அது சென்னையின் வேலை. நிரந்தரமான நோய்த் தடுப்பு நிலையமும், நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒதுங்கி நிற்க இடமும், எல்லைக் காட்டுக் காவலுக்கான பங்கும் கேட்கப்பட வேண்டியவை மத்திய அரசிடம்.

பழனி மலைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை மலையடிவாரத்திலிருந்து தமிழகத்துக்குள்ளேயே ஏறி வருபவை; வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே நகராட்சிச் சுங்கம், அதற்கொரு பாஸ், அத்தோடு முடிந்தது. மாநில எல்லையை மடியில் கட்டிக்கொண்டிருக்கும் நீலகிரியையும் அதையும் ஒரே திட்டத்தால் நடத்துவதே பொருந்தாத ஏற்பாடு.

மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு இணையதளத்துக்கு நான்கு, நோய்த் தடுப்புப் பணிக்கு ஐந்து, சாவடியின் வசதிக்கு ஒன்றரை, பணியாளர்களின் பொறுமைக்கு நான்கு. வருகிறவர்கள் பாஸை முந்தைய நாளே எடுத்து, திரைப்பதிவாகக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சாவடியில் நெட்வொர்க்கை நம்ப வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். கர்நாடக வழியில் வருவோர் இரவு ஒன்பதுக்குள் காட்டைக் கடக்கும்படி மைசூரிலிருந்தே நேரம் பார்த்துப் புறப்படுங்கள். வார இறுதியில் வருவதாக இருந்தால் நாடுகாணி வழியைவிடப் பாட்டவயல் வழி எனக்குச் சற்று எளிதாகப் படுகிறது, சாலை குறுகலானது என்றாலும்.